ஏழாம் நம்பர் மலையின் கடைசி நிரை

ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதையில், பஸ் மூச்சு வாங்கி நிற்கும் மூன்றாவது முடக்கு வளைவில் இறங்கினால், தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவு லயம், ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை, கண்ணில் படும். அங்கே அழகம்மாவின் ஒற்றை அறைக் காம்பரா எது என்று யாரையும் கேட்க வேண்டாம். எந்தக் காம்பராவிலிருந்து சத்தம் வருகிறதோ அதுதான். ஐம்பத்தொரு வயதாகியும் அவள் வாய்க்கு ஓய்வு கிடையாது. பக்கத்து வீட்டுக் கோழி, தண்ணீர் வராத பைப்பு, கொழுந்து நிறுக்கிற தராசு, அந்தத் தராசைப் பிடிக்கிற கணக்கப்பிள்ளை என்று எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அவளிடம் ஏச்சு வாங்காத ஆள் அந்தத் தோட்டத்துக்கு நேற்று வந்தவராக இருக்க வேண்டும்.

அவளுடைய சண்டைகளில் பேர்போனது ஏழாம் நம்பர் மலையின் கடைசி நிரைச் சண்டை. காலையில் மலையில் ஏறியதும் கங்காணி ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைத் தேயிலைச் செடி, பிரித்துக் கொடுப்பார். நல்ல நிரை வேண்டும் என்று சண்டை பிடிக்கிறவர்களைத்தான் தோட்டம் கண்டிருக்கிறது. அழகம்மா கெட்ட நிரை கேட்டுச் சண்டை பிடித்தாள். அந்தக் கடைசி நிரை ஆற்றுப் பக்கம் சரிந்து கிடக்கிறது. கால் வைத்தால் அட்டை, கை வைத்தால் குளவி. காலை முழுக்க எடுத்தாலும் கொழுந்து கூடையின் அடியை மறைக்காது.

புதிதாக வந்த கங்காணி சதீஸ்குமார் இளகிய மனசுக்காரன். ஒருநாள் பாவம் பார்த்து, "அக்கா, அந்தப் பள்ளத்துல என்னத்துக்கு சீரழியுறீங்க? மேல வாங்க, நல்ல நெரையாத் தாறேன்" என்றான்.

"ஒன் நல்ல நெரைய நீயே வச்சுக்க. இருபது வருசமா நான் எடுக்கிற நெரை அது. வேற யாராவது அதுல கால வச்சாங்க, பெறகு என்னையச் சொல்லக் கூடாது."

ஏன் என்று கேட்டால், "பழகிருச்சு" என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். நல்லது செய்யப் போய் ஏச்சு வாங்கிய கங்காணியின் கதை ஒரு வாரத்துக்குப் பேச்சுக்கு உதவியது.

கணவன் மாணிக்கவாசகம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியவன் ஒரே மகன் விஜேந்திரன். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய மாட்டேன் என்று கொழும்புக்குப் போய் ஹோட்டல் குசினியில் சமையலுக்கு நின்றான். அங்கிருந்து தென்கரைப் பக்கம் போய், மாசக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து மீன் பிடிக்கிற போட் ஒன்றில் சமையல்காரனாகச் சேர்ந்தான். மலையில் பிறந்து நீச்சல்கூடத் தெரியாதவன் கடலுக்குப் போகிறானே என்று அவள் ஏசினாள், அழுதாள், கடைசியில் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். கரையில் இருந்தால் ஞாயிறு தவறாமல் போன் வரும். இந்தத் தடவை ஏழு ஞாயிறுகள் போன் இல்லாமல் போயிருந்தன.

எட்டாவது ஞாயிறு போனுக்குப் பதிலாக பொலிஸ் ஜீப் வந்தது.

இறங்கியவள் முப்பது வயதைக் கடந்த ஒரு பெண். மாத்தளை பொலிஸில் சார்ஜன்ட், பெயர் நிரஞ்சனி. அந்தப் பக்கத்தில் தமிழில் வரும் முறைப்பாடு, கடிதம், அழுகை எல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும்.

"அழகம்மாங்கிறது நீங்களா?"

"நான்தான் மிஸ். கோழி விசயமாவா வந்தீங்க? கோழி மேல கல்லு எறிஞ்சது நான் இல்ல."

நிரஞ்சனி சிரிக்கவில்லை. உள்ளே வந்து, கதவை லேசாகச் சாத்திவிட்டு, கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேம்மா. ஒங்க மகன் உசுரோட இருக்காரு. சொகமா இருக்காரு" என்றாள். அழகம்மாவுக்கு அதற்கு மேல்தான் பயம் வந்தது. சுகமாக இருக்கிறவனைப் பற்றிச் சொல்ல யாரும் ஜீப்பில் வருவதில்லை.

விஷயம் இதுதான். இந்து சமுத்திரத்தின் மறுகரையில் உள்ள ஒரு தீவு நாட்டின் கடற்படை, விஜேந்திரன் போன போட்டை மறித்துப் பிடித்திருந்தது. ஐஸ் கட்டிகளுக்கு அடியில், மீனுக்குப் பதிலாக ஹெரோயின் பொதிகள். போட்டில் ஆறு பேர். அந்த நாட்டுப் பொலிஸ் ஆறு பேரின் பெயரையும் கைரேகையையும் இன்டர்போல் வழியாகக் கொழும்புக்கு அனுப்பி, இவர்கள் யார் என்று கேட்டது. கொழும்பு ஐந்து பேரைப் பற்றி உடனே பதில் எழுதியது. ஆறாவது ஆளில் போய் மாட்டிக்கொண்டது. மேல்கணக்கைச் சேர்ந்த விஜேந்திரன், தொண்ணூற்றாறில் பிறந்தவன். பதிவுப் புத்தகத்தின்படி அவன் தொண்ணூற்றேழு ஜனவரியில், பதினொரு மாதக் குழந்தையாகக் காய்ச்சலில் இறந்து போனவன்.

"செத்தவங்க பேர்ல அடையாள அட்டை வச்சுக்கிட்டுத் திரியுறது, இந்தத் தொழில்ல பெரிய ஆளுங்க செய்ற வேல" என்றாள் நிரஞ்சனி. "அதனால இவர் சமையக்காரர்ங்கிறத அவங்க நம்பல. இவர்தான் தலையோன்னு சந்தேகப்படுறாங்க. இன்னும் ஒம்பது நாள்ல அங்க கோர்ட். சமையக்காரர்னு தெரிஞ்சா சாட்சியாக்கி அனுப்பிருவாங்க. பொய் ஆளுன்னு முடிவு பண்ணிட்டா இருபது வருசம் உள்ளதான். அவருகிட்ட கேட்டா, நாந்தான் விஜேந்திரன், சின்னதுல காய்ச்சல்ல விழுந்து பொழச்சவன், சாவுப் பத்திரம் தப்புங்கிறாரு. நீங்க சொல்லுங்கம்மா. ஒங்களுக்கு எத்தன புள்ள?"

"எனக்கு ஒரே புள்ள."

"இன்னொரு புள்ள இருந்து..."

"ஒரே புள்ளதான். அவன்தான் காய்ச்சல்ல விழுந்து பொழச்சான். அந்தக் காலத்து டாக்டரய்யா தப்பா எழுதிக் குடுத்திருப்பாரு."

பக்கத்துக் காம்பராவில் சுவரோடு காதை ஒட்டியிருந்தவர்களுக்கு அன்றைக்குப் பெரிய ஏமாற்றம். அழகம்மா சத்தமே போடவில்லை.

 நிரஞ்சனி ஒரு கடதாசித் துண்டில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். "நானும் லயத்துல பொறந்தவதாம்மா. எங்கப்பாவுக்கு அடையாள அட்டையில ஒரு வயசு, நெசத்துல ஒரு வயசு. இதுக்காக ஒங்கள யாரும் புடிச்சிட்டுப் போக மாட்டாங்க. ஆனா நீங்க இப்பச் சொன்னத நான் எழுதி அனுப்பினா, அவர் அங்கேயே கெடந்துருவாரு. நாளைக்கு வரைக்கும் நான் ஒண்ணும் எழுதல."

ஜீப் போன பிறகு அழகம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்தாள். அதைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஜேந்திரன் என்று அவள் பேர் வைத்தது மூத்தவனுக்கு. தொண்ணூற்றாறு பெப்ரவரியில் இதே லயத்தில் பிறந்தவன். மாணிக்கவாசகம் ஒரு நாள் லீவு போட்டு, ரத்தோட்டைக்கு நடந்து போய்ப் பதிவுகாரரிடம் பதிந்து, பிறப்புப் பத்திரத்தை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். பதினோராவது மாதத்தில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் வலிப்பு. லொறி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்குள் பிள்ளை அவள் மடியிலேயே அடங்கிப் போனது. ஆண்கள் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். அவளை வரக் கூடாது என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். இறப்பைத் தோட்டத்து டாக்டரய்யா எழுதி அனுப்பினார் என்பது அவளுக்கும் தெரியாது, மாணிக்கவாசகத்துக்கும் தெரியாது.

பிள்ளை போன அந்தத் தொண்ணூற்றேழு நவம்பரில் அடுத்தவன் மாத்தளை ஆஸ்பத்திரியில் பிறந்தான். பக்கத்துக் கட்டிலில் அலுவிகாரையைச் சேர்ந்த கைறுன்னிஸா, முதல் நாள் பிறந்த றிஸ்மியாவோடு படுத்திருந்தாள். புருஷனுக்கு மிளகு, கராம்பு வியாபாரம். வாயில் அழகம்மாவுக்குச் சளைத்தவள் இல்லை என்பதால் இருவருக்கும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. பிள்ளையைக் கையில் எடுக்கவே பயந்து அழகம்மா அழுதபோது காரணம் கேட்டாள். ஒரு பிள்ளை போன வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்கு விற்றுவிட்டால் தங்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள் என்று அழகம்மா சொன்னாள். கைறுன்னிஸாவுக்கு அது பழக்கமில்லை, நம்பிக்கையும் இல்லை. இருந்தாலும் பலாபத்வல மில்லிலிருந்து ஒரு பை தவிடு கொண்டுவரச் சொல்லி, அழகம்மாவின் முந்தானையில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "இனி இது எண்ட புள்ள. நீ பாத்துக்கொள்ள மட்டுந்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அதிலிருந்து அவனுக்கு அலுவிகாரையில் ஓர் உம்மா உண்டு. நோன்புப் பெருநாளைக்குச் சட்டை வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்குப் போகும்.

பிறப்பைப் பதிய ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அதைப் பதிவுகாரரிடம் கொண்டுபோக வேண்டாம் என்று புருஷனைத் தடுத்தவள் அழகம்மாதான். எழுதி வைத்த பேரைத் தேடித்தானே எமன் வந்தான்? எழுதாத பிள்ளையை எங்கே போய்த் தேடுவான்? வாயால் கூப்பிட மட்டும் மூத்தவனின் பேரே அவளுக்கு வந்தது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் பத்திரம் கேட்டபோது, டின்னில் இருந்த மூத்தவனின் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பேரில் எமன் ஒரு தடவை வந்து போய்விட்டான், திரும்ப வர மாட்டான். பத்திரத்தில் ஏழு வயது, ஆளைப் பார்த்தால் ஐந்து. பெரியாசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் வயசுக்குச் சிறுத்துத்தான் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எமனை ஏமாற்றிய பத்திரம் இருபத்திரண்டு வருஷம் கழித்து அரசாங்கத்திடம் மாட்டிக்கொண்டது.

மகனுக்கு எதுவும் தெரியாது. மூத்தவனைத் தெரிந்த பழைய ஆட்கள் செத்தும் தோட்டத்தை விட்டும் போய்விட்டார்கள், மிஞ்சிய ஒன்றிரண்டு பேர் அவள் வாய்க்குப் பயந்து அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தவிட்டுக் கதையை அவன் கேட்டபோது, "சின்னதுல ஒனக்குக் காய்ச்சல், வலிப்பு. செத்துப் பொழச்ச. அதுக்குத்தான் வித்தோம்" என்று சொல்லிவைத்தாள். மூத்தவனின் காய்ச்சலை எடுத்து இளையவனுக்குக் கொடுத்து, முடிவை மட்டும் மாற்றிக்கொண்டாள். அவனும் அதைக் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். சொல்லச் சொல்ல அவளுக்கும் அது உண்மை போலவே ஆகிவிட்டது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் அலுவிகாரைக்குப் போனாள்.

கைறுன்னிஸா கடைக்குப் பின்னால் கராம்பு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்தும் கராம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப உண்மையச் செல்லு. செல்லுறதுக்கு என்ன?"

"எழுதிக் குடுத்தா அங்க யாரோ வெள்ளச் சட்டக்காரன் இங்கிலீஸ்ல அவனுக்கு வாசிச்சுக் காட்டுவான். 'ஒனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான், ஒன் பேரு அவன் பேரு, ஒன் பொறந்த நாளு அவன் பொறந்த நாளு'ன்னு. தனியா கெடக்குற புள்ள அதக் கேட்டு என்னா நெனைப்பான் அக்கா? இந்தப் பொம்பள என்னைய வளக்கவே இல்ல, என்னைய வச்சு அவன வளத்திருக்கான்னு நெனைக்க மாட்டானா?"

அதுதான் அவள் நெஞ்சில் கிடந்த பயம். எமன் இரண்டாம் பட்சம்.

கைறுன்னிஸா கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "நான் தவிடு குடுத்து வாங்கின புள்ள அவன். எண்ட புள்ளைய ஜெயில்ல போட்டு வைக்க ஒனக்கு யாரு உரிமை தந்த? அவன் என்ன நெனச்சாலும் இங்க வந்து நெனைக்கட்டும். நீயே வாயால செல்லு. அந்தப் பொலிஸ்காரப் புள்ளைக்கு போன் எடு."

"அந்தச் சீட்டு ஏங்கிட்ட இருக்குக்கா. ஆஸ்பத்திரியில தந்த சீட்டு."

"ஈக்கிறா? இருவத்தேழு வருஷமா வச்சீக்கிறியா?"

"அது அவனோடது இல்லியா? அவனுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானே."

அன்று மத்தியானமே இருவரும் மாத்தளை பொலிஸில் நின்றார்கள். பிஸ்கட் டின்னிலிருந்து வந்த மஞ்சளேறிய சீட்டில் தேதி இருந்தது, நிறை இருந்தது, தாயின் பேர் இருந்தது. பிள்ளையின் பேருக்கான இடம் காலியாக இருந்தது. கைறுன்னிஸா கேட்காமலே றிஸ்மியாவின் பிறப்புப் பத்திரத்தையும் கொண்டுவந்து, "இவளுக்கு ஒரு நாள் எளயவன். வேணுமெண்டா நான் எங்கயும் வந்து செல்லுவேன்" என்று மேசையில் வைத்தாள். நிரஞ்சனி ஆஸ்பத்திரிப் பழைய புத்தகங்களில் இரண்டு நாள் தேடி, அந்தத் தேதியில் அழகம்மாவின் பேரையும் கண்டுபிடித்தாள். எல்லாம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டிப் போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. தாய் அவனை முகம் பார்த்து அடையாளம் காட்ட வேண்டும். வீடியோவில் இருபது நிமிஷம். பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் ஆங்கிலத்தில் சொல்லப்பட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. பொறுப்பதிகாரியின் அறையில் கம்ப்யூட்டர். கொழும்பிலிருந்து வந்த போதைப்பொருள் பிரிவு அதிகாரி ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். திரையில் முதலில் ஒரு பெண் அதிகாரி தெரிந்தாள். கறுத்த, களைத்த, நல்ல முகம். அவள் நகர்ந்து இடம் விட, விஜேந்திரன் வந்து உட்கார்ந்தான்.

அழகம்மா மூன்று நாளாக மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் காற்றோடு போயிற்று.

"என்னாடா தாடி இது? பிச்சக்காரன் கணக்கா?"

நிரஞ்சனி அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். திரைக்குள் அந்தப் பெண் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா" என்று அவன் அழுதான். "எனக்குத் தெரியாதும்மா. மீனுன்னுதான் ஏறினேன். நாலாவது நாள்தான் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் பேசாம சோறாக்கிப் போட்டேன். கடல்ல தள்ளிருவாங்கன்னு பயம்மா. இப்ப இவங்க நான் நானே இல்லங்கிறாங்க. நீ சொல்லும்மா. அந்தக் காய்ச்சலப் பத்திச் சொல்லும்மா."

"சொல்லத்தான்டா வந்திருக்கேன். குறுக்க பேசாமக் கேளு." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "காய்ச்சல்ல கெடந்தது நீ இல்ல. ஒனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான். ஒங்கண்ணன். அவன் பேருதான் விஜேந்திரன். அவன் பொழைக்கல. ஏம் மடியிலதான் போனான். நீ அதே வருசம் நவம்பர்ல மாத்தளையில பொறந்த. ஒன் பொறப்ப நாங்க பதியல. நாந்தான் பதிய விடல. எழுதினா ஒன்னையும் கொண்டு போயிருமோன்னு பயந்துட்டேன். அவன் பத்திரத்த ஒனக்குக் குடுத்துட்டேன்."

நிரஞ்சனியின் ஆங்கிலம் கொஞ்சம் பிந்தி, மெதுவாக வந்து முடிந்தது. திரையில் அவன் முகம் அசையவில்லை.

"அம்மா, இப்பிடிச் சொல்லச் சொல்லி யாராவது மெரட்டுனாங்களா?"

"என்னைய மெரட்டுறதுக்கு யாருடா இருக்கா இங்க? நான் சொல்றது ஒனக்கு வெளங்குதா இல்லியா, எரும?"

அந்த ஏச்சைக் கேட்ட பிறகுதான் அவன் நம்பினான். அவன் நம்பியதை அவள் கண்ணால் பார்த்தாள். அவனுடைய தோள் தளர்ந்து இறங்கிய விதத்தில் தெரிந்தது. அவள் பயந்த கேள்வி உடனே வந்தது.

"அப்ப நீ என்னையக் கூப்பிட்டப்பல்லாம் அவனத்தான் கூப்பிட்டியாம்மா?"

அந்த அறையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். சொல்லியிருந்தால் அவன் நம்பியும் இருப்பான். இருபத்தேழு வருஷத்துப் பொய் அவளுக்குப் போதும் போதும் என்றிருந்தது.

"மொத ரெண்டு வருசம் அவனத்தான் கூப்பிட்டேன். பெறகு ஒன்னையத்தான். எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியாதுடா. ஒருநாள் சோத்துக்குக் கூப்பிட்டேன், நீ ஓடி வந்த. நீ வரணும்னுதான் கூப்பிட்டிருக்கேன்னு அன்னிக்குத் தெரிஞ்சுச்சு."

நிரஞ்சனி சொல்லத் தொடங்கி, நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி சொன்னாள். விஜேந்திரன் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். பிறகு கையை எடுத்தான்.

"அவன எங்கம்மா பொதச்சீங்க?"

 தோட்டத்தில் எவருக்கும் குறையாத அந்த வாய் திறந்தபடியே நின்றது. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏழாம் நம்பர் மலையிலயா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"கடைசி நெரையா?"

அவள் தலையசைத்தாள். அப்போது அது ஆற்றோரத் தரிசு. நாலைந்து வருஷம் கழித்துத் தோட்டம் அந்தத் துண்டையும் தேயிலைக்கு எடுத்துக்கொண்டது. வெட்டிக் கிளறிக் கன்று நட்டார்கள். அங்கே என் பிள்ளை இருக்கிறான் என்று அவள் சொன்னால் எழுதாத பிள்ளையும் வெளியே வந்துவிடும். ஆகவே வாயை மூடிக்கொண்டு, அந்த நிரையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

"சின்னதுல நான் சோறு கொண்டாந்தா அங்க எறங்க விடமாட்டியேம்மா" என்றான் அவன். "அட்டை கடிக்கும்னு வெரட்டுவியே. தனியாத்தானே எடுப்ப. தனியாப் பேசிக்கிட்டே எடுப்பியேம்மா."

கடைசி நிரைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று நிரஞ்சனிக்குத் தெரியவில்லை. தேயிலைத் தோட்டம் என்றால் என்ன, நிரை என்றால் என்ன, இந்த அம்மா இருபது வருஷமாக எதற்காகச் சண்டை பிடித்தாள் என்று அவள் விவரமாகச் சொன்னாள். கேள்விக்கு வெளியே போகிறாள் என்று கொழும்பு அதிகாரி தடுக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாலு நாள் கழித்துக் கோர்ட்டில் அவனை மற்றவர்களிடமிருந்து பிரித்தார்கள். பேரைப் பற்றி இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் மற்றதையும் அவன் மறைக்கவில்லை. எந்தத் துறைமுகத்தில் ஏறினான், எந்த இரவு எந்தப் போட் பக்கத்தில் வந்து பொதிகளை ஏற்றியது, தொலைபேசியில் யார் யாரோடு பேசினார்கள் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னான். அது மூன்று நாட்டுப் பொலிஸுக்குப் போயிற்று. தென்கரையில் இரண்டு வீடுகளின் கதவு தட்டப்பட்டது. சாட்சி சொல்லி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் நிரஞ்சனி, கைறுன்னிஸாவின் சத்தியக் கடதாசியோடு அவனுடைய பிறப்பைப் பிந்திப் பதியும் வேலையை முடித்துவிட்டாள். என்ன பேர் போடுவது என்று கேட்டதற்கு அவன் அங்கிருந்து சொல்லி அனுப்பினான்: "அதே பேர் இருக்கட்டும். ரெண்டு பேரும் வச்சுக்குவோம்."

தோட்டத்துக்கு விஷயம் ஒரே நாளில் தெரிந்துபோயிற்று. அடுத்த முறை ஏழாம் நம்பரில் கொழுந்து எடுத்தபோது சதீஸ்குமார் ஒன்றும் பேசாமல் அவளுக்குக் கடைசி நிரையைக் கொடுத்தான். எப்போதும் கேலி பேசுகிற பக்கத்து நிரைக்காரி, தன் நிரை முடிந்ததும் அந்தச் சரிவில் இறங்கி வந்து, அழகம்மாவின் எதிர்ப்பக்கத்தில் நின்று எடுக்கத் தொடங்கினாள். அழகம்மா ஏசவில்லை.

மகன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தான். வழியில் அலுவிகாரையில் இறங்கி உம்மாவிடம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்ததற்கு அழகம்மாவிடம் ஏச்சு வாங்கினான். வந்த களைப்பில் தூங்குவான் என்று அவள் நினைத்தாள். மறுநாள் விடிந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாம்மா, போவோம்" என்றான்.

மலையில் அன்றைக்கு வேலை இல்லை. பனி ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் இறங்கி, பதினொன்றாவது செடிக்கும் பன்னிரண்டாவது செடிக்கும் நடுவில் நின்றாள். மாணிக்கவாசகம் அடையாளம் காட்டிய கல் எப்போதோ போய்விட்டது. அவளுக்குக் கல் தேவைப்படவில்லை.

அவன் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். அட்டை காலில் ஏறுவதை அவள் பார்த்தாள், தட்டிவிடவில்லை. இருபத்தேழு வயதுத் தாடிக்காரன், பதினொரு மாதத்தோடு நின்றுபோன ஒரு குழந்தையின் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் சாரத்தை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்தான்.

"அண்ணே" என்றான். "வந்துட்டேண்ணே."

மூத்தவனை அப்படிக் கூப்பிட ஒருத்தன் இருந்தான் என்பது அழகம்மாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் அங்கேயே, இரண்டு செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தன்னைப் பிடித்து நிறுத்தியதால் அழ முடியாமல் போன அழுகையை வாய்விட்டு அழுதாள். சத்தம் மேல்கணக்கு லயம் வரைக்கும் கேட்டது.